குடத்தில் விழுந்த பாக்கு

மாரிசாமி போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். அந்த ஒன்றே ருக்மிணியைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

மாரிசாமி இருப்பது டெக்சாஸில், பிளானோவில். அவருடைய மகள் விஷாகாவும் ருக்மிணியின் மகள் மானஸாவும் கலிபோர்னியாவில், சன்னிவேலில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்து, அதை இரண்டு வீட்டிலும் சொல்லி, இரண்டு வீடும் இடி விழுந்தது போல உட்கார்ந்து, பிறகு மெல்ல எழுந்து நடமாடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ருக்மிணி சீக்கிரம் எழுந்துவிட்டாள். அவளுக்கு எதற்கும் நாள் கணக்கில் அழ வராது. அழுதால் தலை வலிக்கும். மாரிசாமிக்கு நேரம் பிடித்தது. அந்த வருஷம் முழுக்க அவர் மகளோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினார். டெக்சாஸ் வெயிலைப் பற்றிப் பேசினார், கார் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மானஸாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே ருக்மிணிக்கு போன் செய்தார்.

“சம்பந்தியம்மா, எனக்கு இதெல்லாம் முழுசாப் புரிஞ்சுதுன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. புள்ள சந்தோசமா இருக்குது, அது தெரியுது. அது போதுமுங்க. ஆனா ஒண்ணு. கல்யாணம்னா ஊரறிய நடக்கோணும். நாலு பேரு வந்து நின்னு அட்சதை போடோணும். எங்கயோ ஆபீஸ்ல போய் ஒளிச்சு மறைச்சுக் கையெழுத்துப் போடற வேலையின்னா, நான் வர மாட்டேனுங்க.”

“ஊர்தானே? எங்க ஊர் இருக்கு. நீங்க கிளம்பி வாங்கோ” என்றாள் ருக்மிணி. அவசரப்பட்டு வாய் கொடுத்துவிட்டோம் என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

ஊர் என்று அவள் நினைத்தது தான் குடியிருக்கும் பிளசன்டனின் தமிழ் மண்டபத்தை. ஒரு பழைய கார்ப்பெட் கடையைத் தமிழ்ச் சங்கத்தார் வாங்கி, மேடை கட்டி, வாசலில் மாவிலைத் தோரணம் மாட்டி மண்டபமாக்கியிருந்தார்கள். அதற்குப் பணம் சேர்க்க ஒவ்வொரு விழாவிலும் தோசைக் கடை போட்டவள் ருக்மிணி. மண்டபத்தின் பாதிக் கூரை அவள் வார்த்த தோசையில் வந்தது என்று அவள் கணவர் ராமசுப்ரமணியன் சொல்வார். மிகைதான்; ஆனால் ரொம்பவும் மிகையில்லை.

சங்கத் தலைவர் ஜம்புநாதனிடம் தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாளுக்கு மண்டபம் கேட்டபோது, “மானஸாவுக்கா? பேஷ்!” என்று உடனே எழுதிக்கொண்டார். மாப்பிள்ளை யார் என்று கேட்கவில்லை. கேட்காததை நாமாகப் போய்ச் சொல்வானேன் என்று ருக்மிணியும் வாயைத் திறக்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

விஷயம் நவராத்திரியில் வெளியே வந்தது. வெளியே வந்ததென்ன, ருக்மிணியே அதைக் கொலு வைத்துக் காட்டினாள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு தாம்பூலப் பை எடுத்துக் கொடுத்த விஷாகாவை, வந்த மாமிகள் எல்லோரிடமும், “இவ விஷாகா. மானஸாவைக் கல்யாணம் பண்ணிக்கப் போறா. சுண்டல் எடுத்துக்கோங்கோ” என்று ஒரே மூச்சில் அறிமுகம் செய்தாள். சுண்டலையும் செய்தியையும் சேர்த்துக் கொடுத்தால் வாய் அடைத்திருக்கும் என்பது அவள் கணக்கு. பலருக்கு அடைத்தது. சிலர் பதில் சொல்வதைத் தவிர்க்க இரண்டாம் தடவை சுண்டல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே ஒருத்திதான் கேள்வி கேட்டாள். ஜம்புநாதனின் மனைவி மரகதம். நாற்பது வருஷக் குடித்தனத்தில் கணவர் பேசி முடிப்பதற்குள் தான் பேசியறியாதவள். விஷாகாவைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, “முகூர்த்தப் புடவை எடுத்தாச்சாம்மா?” என்றாள்.

“இன்னும் இல்ல ஆன்ட்டி. அப்பா வரட்டும்னு வெயிட் பண்றோம்.”

“அரக்கு எடு. உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, குங்குமத்தை எடுத்து விஷாகாவின் நெற்றியில் தானே வைத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அதே வாரம்தான் கலிபோர்னியாவில் வீட்டுக்கு வீடு தபாலில் ஓட்டுச் சீட்டு வந்தது. ஜனாதிபதித் தேர்தலோடு சேர்த்து மக்கள் ஆமா, இல்லையா என்று சொல்லவேண்டிய கேள்விகள் பத்து. அதில் ஒன்று, மூன்றாம் பிரேரணை. கல்யாணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடப்பது மட்டும்தான் என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் இதே ஜனங்கள் ஓட்டுப் போட்டு மாநிலச் சாசனத்தில் ஒரு வரியை எழுதிவைத்திருந்தார்கள். நீதிமன்றம் அதை எப்போதோ செல்லாக்காசாக்கிவிட்டது. ஆனாலும் அந்த வரி போகிற வழியில் குறுக்கே படுத்த நாய் போல அங்கேயே கிடந்தது. இப்போது அதைத் துடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

ருக்மிணி அந்த ஓட்டுச் சீட்டைச் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு சேர்த்துச் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, அன்று தொடங்குகிற காரியம் தோற்காது. குளித்துவிட்டு வந்து பேனாவை எடுத்து, அத்தனை பெரிய சீட்டில் மற்ற எல்லாவற்றையும் தாண்டிப் போய், மூன்றாம் பிரேரணைக்குத்தான் முதலில் ‘ஆமா’ கட்டத்தைக் கறுப்பாக்கினாள். ராமசுப்ரமணியன் எட்டிப் பார்த்து, “ஜனாதிபதியையே பின்னால தள்ளிட்டியேடி” என்றார்.

“அவர் நம்மாத்துக் கல்யாணத்துக்கு வரப்போறதில்லை” என்றாள் ருக்மிணி.

எதிரணி சும்மா இருக்கவில்லை. சங்கத்து வாட்ஸ்அப்பில் ஜம்புநாதன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தார். நம் கலாசாரம், நம் குழந்தைகள், நாளைக்கு என்ன ஆகும் என்று நீளநீளமாகக் குரல் பதிவுகள். அவர் கெட்டவர் இல்லை. ராமசுப்ரமணியனுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்சுக்கு முன்னால் வந்து நின்றவர் அவர்தான். அதனால்தான் ருக்மிணிக்கு அதிகமாக வலித்தது. முன்பின் தெரியாதவன் கல்லெறிந்தால் விலகிப் போகலாம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் எறிந்தால் எங்கே போவது?

தேர்தல் முடிந்து மறுநாள் காலையில் மூன்றாம் பிரேரணை ஜெயித்த செய்தி வந்தது. அதுவும் சும்மா இல்லை, நூற்றுக்கு அறுபதுக்கு மேல். ருக்மிணி கேசரி கிளறினாள். முந்திரி வறுபடும் வாசனை அடங்குவதற்குள் ஜம்புநாதனின் செய்தி வந்துவிட்டது: ஸ்டேட் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். நம் மண்டபம் நம்முடையது. மண்டபத்தில் நடக்கும் திருமணம் ஆண், பெண் ஜோடிக்கு மட்டும் என்று டிசம்பர் முதல் சனிக்கிழமை பொதுக்குழுவில் தீர்மானம். எல்லோரும் வந்து ஓட்டுப் போடவும்.

கலிபோர்னியா துடைத்து எறிந்த வரியை மனிதர் பொறுக்கிக்கொண்டு வந்து மண்டபத்து வாசலில் மாட்டப் பார்க்கிறார்.

மானஸா அன்று சாயங்காலமே சன்னிவேலிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள்.

“அம்மா, திஸ் இஸ் இல்லீகல். ஒரு லாயர் லெட்டர் போதும். அவர் தானா இறங்கி வருவார்.”

“வக்கீல் மண்டபத்தை வாங்கிக் கொடுப்பார். அட்சதை போட ஆளை வாங்கிக் கொடுப்பாரா?”

“ஸோ வாட்? எங்களுக்கு நீங்க ரெண்டு பேரும் போதும்.”

“விஷாகாவோட அப்பாவுக்குப் போதாதே” என்றாள் ருக்மிணி. மானஸா கார் சாவியை மேஜை மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அப்பா வரமாட்டாரோ என்று விஷாகா எத்தனை தடவை கண்கலங்கியிருக்கிறாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ருக்மிணி மாரிசாமியிடம் எதையும் மறைக்கவில்லை. இப்படி ஓட்டெடுப்பு வருகிறது என்று போனிலேயே சொல்லிவிட்டாள். 

“சரிங்க. ஊர் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டே டிக்கெட் போடறனுங்க” என்றார்.

ஆக, எல்லாம் அந்தச் சனிக்கிழமையின் தலையில் வந்து உட்கார்ந்தது. அந்த ஓட்டில் தோற்றால் மண்டபம் மட்டும் போகாது. கல்யாணத்தன்று விஷாகா பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

பொதுக்குழுவுக்காக ஜம்புநாதன் இரண்டு ஏற்பாடு செய்தார். இரண்டும் மகா புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரண்டும் சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியம்.

முதலாவது, கதவு. காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கா உள்ளே வரக்கூடாது. சாப்ட்வேர் வேலை பார்க்கும் சின்னவர்கள் சனிக்கிழமை நிதானமாக எழுந்து, காபி வாங்கிக்கொண்டு அசைந்து அசைந்து வருவார்கள், அத்தனை பேரும் ருக்மிணி கட்சி என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். மறந்தது ஒன்றுதான். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். கலாசாரத்தைக் காப்பாற்றக் கிளம்பும் அவருடைய ஆட்கள் யாரும் ராகு காலத்தில் வீட்டு வாசற்படி தாண்ட மாட்டார்கள். அவர் மட்டும் ஒன்பதுக்கு முன்பே வந்து குத்துவிளக்கை ஏற்றி, கூட்டம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகத் தன் மனசாட்சிக்குச் சொல்லிக்கொண்டார். மனைவியிடம், “நீ ராகு காலம் கழிஞ்சு எல்லாரோடயும் வா” என்று சொல்லிவிட்டு வந்தவரும் அவரேதான். கதவு மூளையின் ஒரு மூலையில் இருந்தது, ராகு காலம் இன்னொரு மூலையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

இரண்டாவது, பாத்திரம். சங்கத்தில் ஓட்டுக்குக் காகிதம் கிடையாது. ஒரு தடவை கையெழுத்தைக் கண்டுபிடித்துச் சண்டை வந்ததிலிருந்து, ஆளுக்கு ஒரு கொட்டைப்பாக்கு; திரைக்குப் பின்னால் இரண்டு பாத்திரம்; பிடித்ததில் போட்டுவிட்டு வரவேண்டும். இந்தத் தடவை தீர்மானம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஓர் அகலமான பிளாஸ்டிக் வாளியை வைத்தார் ஜம்புநாதன். வயதானவர்கள் கை நடுங்கினாலும் குறி தப்பாது. வேண்டாம் என்கிறவர்களுக்குக் கழுத்து ஒடுங்கிய ஒரு பழைய பித்தளைக் குடம். தடுமாறட்டும் என்று நினைத்திருப்பார்.

அன்று காலையிலிருந்து மழை. நம்ப முடியாத அதிசயமாகச் சின்னவர்கள் எல்லோரும் பத்துக்கு முன்னால் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்துவார்கள் என்று சொன்னதே அவர்களை உசுப்பிவிட்டிருந்தது. ஜம்புநாதன் ஆட்களில் கால்வாசி கூட இல்லை. பத்தடித்ததும் சங்கச் செயலாளர் சாய்ராம் கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாற்பது வயதுக்காரன், சட்டம் என்றால் அட்சரம் பிசகாதவன். விஷாகா சங்க உறுப்பினர் இல்லை என்பதால் வெளியே காரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தீர்மானத்தை வாசித்து, ஆளாளுக்குப் பேசி முடிவதற்குள் வெளியே கார்கள் வரத் தொடங்கின. ராகு காலம் முடிந்திருந்தது. மாமாக்களும் மாமிகளும் மழையில் ஓடி வந்து கதவைப் பிடித்து இழுத்தார்கள். கதவு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே நனைந்துகொண்டு நின்றது. விஷாகா காரிலிருந்து இறங்கி, தன்னிடம் இருந்த ஒரே குடையை மரகதத்தின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள்.

ஜம்புநாதன் மேடையிலிருந்து அதைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. தான் போட்ட விதியைத் தானே மீறச் சொல்ல அவர் வாய் எழவில்லை. வீம்பு.

“ஆன்ட்டி, நாம ஜெயிச்சாச்சு” என்று சாய்ராம் ருக்மிணியின் காதில் சொன்னான். “உள்ள இருக்கறவங்கள எண்ணிட்டேன். இப்பவே ஓட்டெடுப்ப ஆரம்பிச்சா ஈசியா தாண்டிடுவோம். அவர் போட்ட ரூல்தானே, அவரே அனுபவிக்கட்டும்.”

மானஸாவும் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். ராமசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சுலோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ருக்மிணி கண்ணாடியையே பார்த்தாள். அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் அவள் வீட்டுச் சுண்டல் சாப்பிட்டவர்கள். அவர்களுடைய பெண்களின் வளைகாப்புக்கு அவள் வளையல் அடுக்கியிருக்கிறாள். அவர்கள் உள்ளே வந்தால் தோற்கலாம். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். வரவில்லையென்றால் மண்டபம் கையில். அப்புறம் மாரிசாமிக்கு போன் செய்து என்ன சொல்வது? ஊரை மழையில் நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டு ஊரறியக் கல்யாணம் நடத்துகிறேன் என்றா?

அவள் எழுந்து நேராக மேடைக்குப் போனாள்.

“மாமா, கதவைத் திறக்கச் சொல்லுங்கோ.”

ஜம்புநாதன் அவளை நம்பாமல் பார்த்தார். “நீயா சொல்றே?”

“நான்தான் சொல்றேன். அவாளும் வந்து போடட்டும்.”

“தோத்துப் போயிடுவே, ருக்கு.”

“தோத்தா எல்லார் முன்னாடியும் தோத்துட்டுப் போறேன். பூட்டின ரூமுக்குள்ள ஜெயிச்சு எனக்கு என்ன ஆகணும்?”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சாய்ராமைப் பார்த்துத் தலையசைத்தார். சாய்ராம் ருக்மிணியை ஒரு பார்வை பார்த்தான். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை. போய்க் கதவைத் திறந்தான். ஈரமும் இருமலுமாக ஊர் உள்ளே வந்தது. விஷாகா குடையை மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

ஓட்டு தொடங்கியது. தலைவர் என்ற முறையில் ஜம்புநாதன் முதலில் திரைக்குப் பின்னால் போனார்.

டப்.

பிளாஸ்டிக் வாளியில் பாக்கு விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்து மானஸா போனாள்.

ணங்!

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் உறைத்தது. திரை ஆளை மறைக்கும். பித்தளையின் வாயை மறைக்குமா? சாய்ராம் பதறிப்போய், “அங்கிள், இது சீக்ரெட் பேலட் இல்ல. பாத்திரத்த மாத்திடலாம்” என்றான்.

ஜம்புநாதன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். தன் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். தெம்பு திரும்பியிருந்தது. “ஒளிச்சு மறைக்கறதுக்கு என்ன இருக்கு? நடக்கட்டும்” என்று திரைக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யார் உள்ளே போகிறார்கள், என்ன சத்தம் வருகிறது என்று பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

அதற்குப் பிறகு கேட்டதையெல்லாம் ருக்மிணி விரல் விட்டு எண்ணினாள். டப். டப். ணங். டப். தீபக் என்று ஒரு பையன். “ஆன்ட்டி, கண்டிப்பா உங்களுக்குத்தான்” என்று வீடு தேடி வந்து சொன்னவன். திரைக்குள் போனவன் வெகு நேரம் நின்றான். ஜம்புநாதன் செருமினார். டப். வெளியே வந்தபோது ருக்மிணியைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனான். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கும்வரை இது ஓட்டு இல்லை, ஆஜர் எடுப்பது. டப். டப். டப். கதவைத் திறக்கச் சொன்ன தன் வாயை அவளே சபித்துக்கொண்டாள்.

அடுத்து மரகதம் எழுந்தாள்.

முந்தானை ஈரத்தைப் பிழிந்துவிட்டு, விஷாகாவின் குடையை நாற்காலியில் சாத்தி வைத்துவிட்டு, கணவரைக் கடந்து மெதுவாக நடந்தாள். ஜம்புநாதன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்து யார் என்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டு அவர் பையில் இருக்கிற ஓட்டுதானே!

திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு திரைக்கு மேலே ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை. விரல் நுனியில் ஒரு கொட்டைப்பாக்கு. கை நிதானமாக நின்று, குறி பார்த்து, விரலை விட்டது.

ணங்ங்ங்!

குடத்தின் கழுத்தில் பட்டு, உள்ளே உருண்டு, அடங்க மனசில்லாமல் அடங்கியது அந்தச் சத்தம். 

மரகதம் வெளியே வந்தாள். ஜம்புநாதன் எழுந்து நின்றுவிட்டார்.

“நீயா?”

“நான்தான். காது கேட்டுதோன்னோ?” என்றாள் மரகதம். குரல் லேசாக நடுங்கியது; ஆனால் நிற்கவில்லை. “அந்தப் பொண்ணு யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை. அவ கல்யாணம் பண்ணிக்கப் போறா. அதுக்கு நான் போய்ச் சாப்பிட்டுட்டு, ஆசீர்வாதம் பண்ணிட்டு வரணும். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கோ? நாற்பது வருஷமா நீங்க பேசி நான் கேட்டேன். இன்னிக்கு என் பாக்கு பேசித்து, நீங்க கேளுங்கோ.”

யாரோ ஒரு மாமி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அணையை உடைத்தது. அவளே அடுத்தவளாக எழுந்து உள்ளே போனாள். ணங்! அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ணங்! ராகு காலம் கழித்து வந்த கூட்டத்து மாமிகள் புடவையைச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எத்தனை பேர் எத்தனை நாளாக இந்த ஒரு சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்களோ! ணங்! ணங்! ஒருத்தி குடத்துக்குக் குறி தப்பி, பாக்கு தரையில் உருண்டு திரைக்கு வெளியே வந்துவிட்டது. துரத்திப் பிடித்து எடுத்துக்கொண்டு போய் மறுபடி போட்டாள். ணங்! அவர்களுடைய புருஷர்களில் இரண்டு மூன்று பேர் ஜம்புநாதனையும் பார்த்து, வீட்டுச் சாப்பாட்டையும் நினைத்துப் பார்த்து, குடத்தின் பக்கமே சாய்ந்தார்கள். அதற்கும் குறைவில்லாத ணங்!

ஜம்புநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் இப்போது அவர் பார்வையைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கடைசிக்கு முந்தியவளாக ருக்மிணி போட்டாள். பாக்கு கழுத்தில் உரசிக்கொண்டு இறங்கியதால் சத்தம் சுமாராகத்தான் வந்தது. கடைசியாக ராமசுப்ரமணியன். வாழ்நாளில் யாரோடும் வம்புக்குப் போகாத அந்த மனுஷர், மரகதம் மாமியைப் போலவே கையைத் தூக்கிப் பிடித்துப் போட்டார்.

சாய்ராம் வாளியையும் குடத்தையும் மேஜைக்குக் கொண்டுவந்தான். வாளியைக் கவிழ்த்தபோது ஒரு நல்ல குவியல் விழுந்தது. குறைவில்லை. குடத்தைக் கவிழ்த்தபோது கழுத்தில் சிக்கி முதலில் ஒன்றுமே வரவில்லை. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். கொட்டியது பாருங்கள், மேஜை கொள்ளாமல் நாலா பக்கமும் உருண்டு, நாற்காலிகளுக்கு அடியில் ஓடியது. எண்ணிச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் சாய்ராம் இரண்டு தடவை எண்ணினான். அவன் அப்படி.

முடிவை அறிவிக்கவேண்டியவர் தலைவர்தான். ஜம்புநாதன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “தீர்மானம் தோற்றது” என்றார். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை.  “தை முகூர்த்தம் ஏற்கெனவே மானஸா பேர்ல இருக்கு. அதுல மாற்றமில்லை” என்று சேர்த்துக்கொண்டு இறங்கினார். சந்தோஷமாகச் சொல்லவில்லைதான். ஆனால் சொன்னார். ருக்மிணிக்கு அவர் மேலிருந்த பாதிக் கோபம் அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியைக் கல்யாணம் வரைக்கும் வைத்துக்கொள்வதாக இருந்தாள்.

மானஸா வாசலுக்கு ஓடினாள். மழையில் நனைந்த விஷாகாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதார்கள். மாமிகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள்: நாதஸ்வரத்துக்கு யார், சமையலுக்கு யார், பொண்ணு ரெண்டு பேருக்கும் மெஹந்தி போட யார்? ஈரத்தோட நிக்கறாளே, ஒரு டவல் கொண்டு வாங்கோளேன்! தீபக் ஓரமாக நின்று ருக்மிணியைப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தான். “கல்யாணத்துல பந்தி பரிமாற ஆள் வேணும். நீ வந்துடு” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு அவள் போனை எடுத்தாள். பிளானோவில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் மாரிசாமி. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார், பாவம்.

“என்னாச்சுங்க சம்பந்தியம்மா? ஊர் என்ன சொல்லுதுங்க?”

“நீங்களே கேளுங்கோ” என்றாள் ருக்மிணி. போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அத்தனை குரல்களுக்கும் மேலே மரகதத்தின் குரல் ஓங்கிக் கேட்டது. ஒரே நாளில் அந்தக் குரல் அவ்வளவு பழகிவிட்டிருந்தது. “அரக்குதான், சொல்லிட்டேன்! அவ அப்பா வந்ததும் முதல் வேலை புடவை!”

ருக்மிணி போனைக் காதில் வைத்தாள்.  அந்தப் பக்கம் மாரிசாமி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

“கேட்டேளா?” என்றாள் ருக்மிணி.

“கேட்டுதுங்க” என்றார் மாரிசாமி. அப்புறம் போனை வைக்கக்கூடத் தோன்றாமல் வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார்: “தனபாக்கியம்! பொட்டியைக் கட்டு! நம்ம புள்ளைக்கும் மானஸாவுக்கும் பொடவை எடுக்கப் போகோணும்!”